தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (மே 27, 1761 – ஜூலை 6, 1827) பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியாகவும் மாவட்ட ஆட்சியராகவும் பின்னர் சென்னை மாகாண ஆளுநராகவும் பணியாற்றியவர். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். நிலத்தை உழும் குடியானவரிடமே அரசு நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறையைத் தென்னிந்தியாவில் நிலைநிறுத்தியவர் என்று வரலாற்று நூல்களில் அறியப்படுகிறார். அம்முறை உருவான இடம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை உள்ளடக்கிய பாராமகால் பகுதி ஆகும். 1792 முதல் 1799 வரை மன்றோ தருமபுரியில் தங்கி, அங்குள்ள பள்ளத்தாக்குகளையும் மலையடிவார ஊர்களையும் குதிரையிலும் கால்நடையாகவும் சுற்றி வந்தார். இவருடைய பெயர் தமிழில் முன்ரோ எனவும் எழுதப்படுவதுண்டு.

இளமை

மன்றோ கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் புகையிலை வணிகம் செய்தவர். மகன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். கணிதத்திலும் வேதியியலிலும் ஆர்வம் மிக்கவராக இருந்தார். டான் குயிக்ஸோட் புதினத்தை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காகத் தாமாகவே எசுப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். சிறிது காலம் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தார். அமெரிக்க விடுதலைப் போர் தந்தையின் வணிகத்தைக் குலைத்துவிட்டதால் குடும்பம் வறுமைக்கு உள்ளானது. அதன் விளைவாகவே மன்றோ கம்பெனியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, 1780 ஜனவரியில் சென்னை வந்திறங்கினார். இந்தியாவில் இருந்த காலத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். பாரசீகக் கையெழுத்துப்படி ஒன்றில், ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வரும் ஷைலக்கின் கதையை ஒத்த ஒரு கதையைக் கண்டு அதை மொழிபெயர்த்து அனுப்பினார் என்பது இவருடைய வாழ்க்கையில் அதிகம் அறியப்படாத ஒரு செய்தி.

படைப்பணி

மன்றோ வந்த ஆண்டிலேயே ஐதர் அலியுடன் இரண்டாம் மைசூர்ப் போர் மூண்டது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, அவருக்கு உதவத் தவறிய சர் ஹெக்டர் மன்றோவின் படையில் தாமஸ் மன்றோ இளநிலை அதிகாரியாக இருந்தார். 1781இல் சர் அயர் கூட் தலைமையில் பரங்கிப்பேட்டை, பொள்ளிலூர், சோளிங்கர் ஆகிய இடங்களில் நடந்த போர்களிலும் பங்கேற்றார்.

1788இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரின் கீழ் உளவுத் துறையில் அமர்த்தப்பட்டார். மன்றோவின் வாழ்க்கையில் ரீட் ஒரு திருப்புமுனை. பாடநூல்கள் ரயத்துவாரியை மன்றோவின் பெயரோடு மட்டுமே இணைத்துச் சொல்லிப் பழகிவிட்டன. ஆனால் அதன் முதல் வரைவு ரீடுடையது. மன்றோ அதை வளர்த்து, வாதாடி, நிலைபெறச் செய்தவர்.

பாராமகாலும் அதன் கணவாய்களும்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் சேலம், பாராமகால், திண்டுக்கல், மலபார் ஆகிய பகுதிகளைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாராமகால் என்ற பெயர் பன்னிரண்டு கோட்டைகளைக் குறித்து வந்தது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம்.

இந்நிலத்தின் அமைப்பை அறியாமல் மன்றோவின் பணியைப் புரிந்துகொள்வது கடினம். பாராமகால் ஒரு மலைசூழ் படுகை. மேற்கிலும் வடமேற்கிலும் மேலகிரி மலைகளும் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பும், கிழக்கில் சவ்வாது மலையும், தென்கிழக்கில் சித்தேரி, கல்வராயன் மலைகளும், தெற்கில் சேர்வராயன் மலையும் இதைச் சூழ்ந்துள்ளன. தென்பெண்ணை ஆறு பீடபூமியிலிருந்து இறங்கிக் காவேரிப்பட்டினம் வழியாகப் பாய்கிறது. மேற்கு எல்லையில் ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே விழுகிறது. இப்படுகைக்குள் வரவும் வெளியேறவும் கணவாய்களே வழி. தெற்கே சேலம் சமவெளிக்குத் தொப்பூர்க் கணவாய், கிழக்கே திருவண்ணாமலை செல்லச் சிங்காரப்பேட்டை – செங்கம் கணவாய், மேற்கே மைசூருக்கு ஏற இராயக்கோட்டை வழி ஆகியவை முதன்மையானவை.

பதினெட்டாம் நூற்றாண்டின் மைசூர்ப் போர்களில் இக்கணவாய்களே படைகளின் நடமாட்டத்தைத் தீர்மானித்தன. 1767இல் செங்கத்தில் ஐதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் மோதின. 1790 நவம்பரில் ஆங்கிலத் தளபதி மெடோஸின் படை மிக அருகில் இருந்தபோதே திப்பு தொப்பூர்க் கணவாயைக் கடந்து தெற்கே சமவெளிக்குள் இறங்கிவிட்டார். 1792க்குப் பிறகு ஓசூர் மைசூர் வசமே இருந்ததால் இராயக்கோட்டை எல்லைக் கோட்டையாயிற்று. 1799இல் ஜெனரல் ஹாரிஸின் படை இவ்வழியாகவே சீரங்கப்பட்டணத்தை நோக்கி ஏறிச் சென்றது.

அவ்வழிகள் இன்றும் மாறவில்லை. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், தருமபுரி ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்திலும், ஓசூர் 880 மீட்டரை ஒட்டிய உயரத்திலும் உள்ளன. அதாவது சேலத்திலிருந்து புறப்படுபவர் இரண்டு படிகள் ஏறுகிறார். முதற்படி தொப்பூர், இரண்டாம் படி இராயக்கோட்டை. காரில் செல்வோர் இதை உணர்வதில்லை. மிதிவண்டியில் செல்பவரின் கால்கள் உடனே அறிந்துகொள்ளும். சேலத்திலிருந்து தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்லும் மிதிவண்டிப் பயணம் மன்றோ காலத்துக் குதிரைவழியை ஏறக்குறைய ஒத்ததே. சேலம் – பெங்களூர் இருப்புப்பாதையும் தொப்பூர், தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை என்றே வளைந்து செல்கிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 தொப்பூரில் இறங்கும் சரிவு, சரக்குந்து விபத்துகளுக்குப் பெயர்பெற்றது.

தருமபுரியில் ஏழு ஆண்டுகள்

புதிதாகக் கிடைத்த நிலப்பகுதியை ஆள, நாட்டு மொழிகள் அறிந்த குடிமை அதிகாரிகள் சென்னையில் போதிய அளவில் இல்லை என்று கருதிய தலைமை ஆளுநர் காரன்வாலிஸ், படை அதிகாரிகளையே நியமித்தார். அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு பொறுப்பேற்றார். மன்றோ, மெக்லியோட், கிரகாம் ஆகிய மூவரும் அவருக்கு உதவி ஆட்சியர்களாயினர். நடுப்பகுதியை ஏற்ற மன்றோ தருமபுரியில் தங்கினார். சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இதுவே.

தருமபுரியில் ஒரு வீடும் தோட்டமும் இருந்தபோதிலும் மன்றோ ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்திலேயே கழித்தார். காலையில் ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு அடுத்த ஊருக்குச் செல்வது, மரத்தடியில் கணக்கர்களையும் மணியக்காரர்களையும் குடியானவர்களையும் ஒன்றாக அமர்த்தி விசாரிப்பது, ஏரி உடைப்பையும் எல்லைத் தகராறையும் நேரில் சென்று பார்ப்பது என்பதே அவருடைய நடைமுறை. வீட்டாருக்கு எழுதிய கடிதங்களில் இந்த ஓயாத பயணத்தையும், ஓய்வு கிடைத்தபோது மலைகளில் ஏறித் திரிந்ததையும் விவரித்துள்ளார்.

இப்பயணங்கள் வெறும் அலுவல் சுற்று அல்ல. அக்காலத்தில் கம்பெனி அதிகாரிகளுக்குக் கிடைத்த தகவல் அனைத்தும் கர்ணங்களும் இடைத்தரகர்களும் தந்த கணக்கே. ஓர் ஊரில் எத்தனை வயல் உழப்படுகிறது, எவர் உழுகிறார், எந்தக் கிணறு வற்றிவிட்டது என்பதைத் தலைமையிடத்தில் அமர்ந்திருப்பவர் அறிய வழியில்லை. மேலும் பாராமகாலில் அடுத்தடுத்த இரு ஊர்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆற்றோரத்தில் நன்செய், சற்றுத் தள்ளிக் கிணற்றுப் பாசனத் தோட்டக்கால், மலையடிவாரத்தில் கல் நிறைந்த மானாவாரிப் புன்செய். ஊர் முழுவதற்கும் ஒரே தொகையை விதித்து ஒருவரிடம் வசூலித்தால், ஊரில் வலியவர் நல்ல நிலத்திற்குக் குறைவாகவும் எளியவர் கெட்ட நிலத்திற்கு அதிகமாகவும் செலுத்த நேரும். இதை மன்றோ ஊர் ஊராகக் கண்டார். வயலை அளக்க வேண்டும், வயலுக்குத்தான் தீர்வை விதிக்க வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறே வலுப்பெற்றது.

ரயத்துவாரி

ரீட் 1793 முதல் பாராமகாலில் நில அளவையைத் தொடங்கினார். ஒவ்வொரு வயலும் சங்கிலியால் அளக்கப்பட்டு, நன்செய், புன்செய், தோட்டம் என வகைப்படுத்தப்பட்டு, தீர்வை கணிக்கப்பட்டது. முதலில் ரீட் சில ஆண்டுக் குத்தகை முறையையே கருதினார். நடைமுறையில் குடியானவர் நீண்ட காலத்திற்குக் கட்டுப்பட அஞ்சினர். மழை பொய்த்தால் ஐந்தாண்டுக் கடன் தலையில் விழும் என்பது அவர்கள் அச்சம். 1796இல் ரீட் வெளியிட்ட அறிவிப்பின்படி குடியானவர் தாம் விரும்பிய வயலை வைத்துக்கொள்ளவும் விரும்பாததை ஆண்டு முடிவில் விட்டுவிடவும் உரிமை பெற்றார். வயலுக்குரிய தீர்வையைச் செலுத்தும்வரை அவரை வெளியேற்ற முடியாது.

வங்காளத்தில் 1793இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிலையான ஜமீன்தாரி முறைக்கு இது நேர்மாறானது. அங்கு ஜமீன்தாரிடம் நிலம் ஒப்படைக்கப்பட்டது. உழுபவர் அவருடைய தயவில் விடப்பட்டார். மன்றோவோ, தென்னிந்தியாவில் இல்லாத ஒரு நிலப்பிரபு வகுப்பைச் சட்டத்தால் உருவாக்குவது தவறு என்று வாதிட்டார்.

எனினும் ரயத்துவாரியை உழவருக்குக் கிடைத்த கொடையாக மட்டும் காண்பது பொருந்தாது. ஜமீன்தாரின் இடத்தில் அரசே அமர்ந்தது. விதிக்கப்பட்ட தீர்வையும் கடுமையாக இருந்தது. இதை மன்றோ தாமே உணர்ந்து, 1807இல் தம் பொறுப்பிலிருந்த மாவட்டங்களில் தீர்வையை நான்கில் ஒரு பங்கு குறைக்கப் பரிந்துரைத்தார். அது அப்போது ஏற்கப்படவில்லை. வயல்தோறும் கணக்கு எழுதும் முறை கீழ்நிலை வருவாய்ப் பணியாளர்களின் கையில் பெரும் அதிகாரத்தையும் கொடுத்தது. மன்றோ மறைந்து 28 ஆண்டுகளுக்குப் பின், 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் வரி வசூலில் நடந்த கொடுமைகளை வெளிக்கொணர்ந்தது. ஆட்சியர் தாமே ஊர் ஊராகச் சென்று பார்த்தால்தான் இம்முறை இயங்கும். மன்றோவைப் போல் சுற்றிய ஆட்சியர்கள் எல்லா மாவட்டங்களிலும் வாய்க்கவில்லை.

பாராமகாலிலேயே இம்முறை விரைவில் கைவிடப்பட்டது என்பது வியப்பானது. ரீடும் மன்றோவும் சென்றபின், 1802 முதல் நிலம் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. மிட்டாதாரர் பலர் தொகையைச் செலுத்த இயலாமல் வீழ்ந்தனர். அந்த ஊர்கள் மீண்டும் ரயத்துவாரிக்குத் திரும்பின. எஞ்சிய மிட்டாக்கள் விடுதலைக்குப் பின்னும் நீடித்தன. அவற்றை நீக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் என்பதாகும்.

தருமபுரியை விட்டு நீங்குதல்

1799இல் நான்காம் மைசூர்ப் போர் தொடங்கியதும் ரீட் தலைமையிலான பாராமகால் படைப்பிரிவில் மன்றோவும் சேர்ந்தார். பொதி எருதுகளுடன் தானியம் கொண்டுசெல்லும் லம்பாடிகளைத் திரட்டிப் பெரும்படைக்கு உணவு சேர்ப்பது இப்பிரிவின் முக்கிய வேலை. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் இறந்தார். மைசூரைப் பங்கிட அமைக்கப்பட்ட குழுவுக்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலாளர்களாயினர்.

அதன்பின் மன்றோ மேற்குக் கடற்கரையின் கன்னடப் பகுதிக்கு ஆட்சியராக அனுப்பப்பட்டார். தருமபுரியையும் தம் கையால் வளர்த்த பழத்தோட்டத்தையும் விட்டுப் பிரிய அவருக்கு மனமில்லை என்பது அக்காலக் கடிதங்களிலிருந்து தெரிகிறது.

பிற்காலப் பணிகள்

1800 முதல் 1807 வரை, நிசாமிடமிருந்து பெறப்பட்ட பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை உள்ளிட்ட ‘கையளிக்கப்பட்ட மாவட்டங்களின்’ முதன்மை ஆட்சியராக இருந்தார். ஏறத்தாழ 80 பாளையக்காரர்கள் ஆண்ட அப்பகுதியில், தருமபுரியில் கற்ற முறையையே பெரிய அளவில் செயல்படுத்தினார். இங்கும் கூடார வாழ்க்கையே.

1807இல் விடுப்பில் இங்கிலாந்து சென்றார். 1813இல் கம்பெனியின் பட்டயம் புதுப்பிக்கப்பட்டபோது நாடாளுமன்றத்தில் சாட்சியம் அளித்தார். 1814இல் ஜேன் கேம்பெல் என்பவரை மணந்து, நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகச் சென்னை திரும்பினார். 1816ஆம் ஆண்டு விதிகள் கிராம முன்சீப், ஊர்ப் பஞ்சாயத்து ஆகியவற்றுக்கு நீதி அதிகாரம் அளித்ததற்கு இவரே காரணம். 1817–1818 மராட்டியப் போரில் சிறு படையுடன் தெற்கு மராட்டியப் பகுதியைக் கைப்பற்றினார்.

ஆளுநர்

1820 ஜூன் மாதம் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானார். தீர்வைக் குறைப்பும் ரயத்துவாரியின் பொதுவான நடைமுறையும் இவர் காலத்தில் உறுதிபெற்றன. 1822இல் மாகாணமெங்கும் உள்ள திண்ணைப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட முடிவின்படி, 1,28,50,941 மக்கள்தொகைக்கு 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஆங்கில ஆட்சிக்கு முன் இந்தியாவில் பொதுக்கல்வி இல்லை என்ற கருத்தை மறுக்க, தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொண்டார்.

1824 டிசம்பர் 31 நாளிட்ட குறிப்பில், இந்தியர்களை உயர்பதவிகளில் அமர்த்த வேண்டும் என்றும், தாமே தம்மை ஆளும் தகுதி பெற்ற காலத்தில் ஆங்கிலேயர் விலகுவதே முறை என்றும் எழுதினார். அதே ஆண்டில் தொடங்கிய முதல் பர்மியப் போருக்குப் படைகளும் பொருள்களும் அனுப்பியதற்காக 1825இல் பாரனட் பட்டம் பெற்றார். இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன.

மறைவு

1826இல் நோயுற்ற இளைய மகனுடன் மனைவி இங்கிலாந்து சென்றார். மன்றோ பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுநர் வரும்வரை காத்திருந்தார். அந்த இடைவெளியில் தாம் ஆட்சியராக இருந்த பழைய மாவட்டங்களை இறுதியாக ஒருமுறை காண 1827இல் பயணம் மேற்கொண்டார். கூத்தியில் முகாமிட்டபோது உடன் வந்தவர்களிடையே வாந்திபேதி பரவியது. அடுத்த முகாமான பத்திகொண்டாவில் மன்றோவுக்கும் நோய் தொற்றி, 1827 ஜூலை 6 அன்று மாலை இறந்தார். பயண வழியில், கூடாரத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. கூத்தியில் புதைக்கப்பட்ட உடல் 1831இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள தூய மரியன்னை தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது.

இராயலசீமைப் பகுதியில் மன்றோவின் பெயரைக் குழந்தைகளுக்கு ‘மன்றோலப்பா’ என இடும் வழக்கம் இருந்தது. மந்திராலயத்தில் இராகவேந்திரர் இவருக்குக் காட்சி தந்தார் என்ற கதையும், திருப்பதிக் கோயிலுக்கு இவர் அளித்ததாகச் சொல்லப்படும் மன்றோ கங்காளமும் பக்தர்களிடையே புகழ்பெற்றவை.

சிலை

சென்னை அண்ணா சாலையில் தீவுத்திடலை ஒட்டி மன்றோவின் குதிரைச் சிலை உள்ளது. பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த இச்சிலை 1839இல் நிறுவப்பட்டது. குதிரைக்குச் சேணமும் அங்கவடியும் இல்லை. சிற்பி அவற்றை மறந்துவிட்டதை உணர்ந்து தற்கொலை செய்துகொண்டார் என்று சென்னையில் ஒரு கதை வழங்குகிறது. இது உண்மையன்று, இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் சாண்ட்ரி வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் இவை இல்லை. சேணமில்லாக் குதிரை அச்சிற்பியின் விருப்பம்.

பெயர்க் குழப்பம்

கேரளத்தின் கொல்லத்தை அடுத்த மன்றோ தீவு, திருவிதாங்கூரில் திவானாக இருந்த ஜான் மன்றோவின் பெயரால் அமைந்தது. பொள்ளிலூர்ப் போரோடு தொடர்புடைய ஹெக்டர் மன்றோவும் வேறு ஒருவர் ஆவார்.